பழைய புல்லட் வாங்கினால் போதுமா? புத்தகத்தில் பெயர் மாறவேண்டாமா?

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் மூன்று கேள்வி கேட்கிறார்.

"எத்தனை கிலோ மீட்டர் ஓடியிருக்கு? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? கடைசியா என்ன சொல்றீங்க?"

நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கிறவர்கள்தான் குறைவு.

"வண்டி இப்போ யார் பேர்ல இருக்கு? என் பேருக்கு என்னிக்கு மாறும்?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டு, கோர்ட்டுப் படி ஏறினவர்கள் உண்டு. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்கள் உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், வாங்கினவர் மட்டும் மாட்டிக்கொள்வதில்லை. வண்டியை விற்று, பணத்தை எண்ணி வாங்கி, அதை மறந்தே போனவரும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்.

ஆசை நியாயமானதுதான்

பழைய வண்டி வாங்குவது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. புது புல்லட் 350 ஷோரூமை விட்டு ரோட்டுக்கு வரும்போது வரி, இன்சூரன்சு எல்லாம் சேர்த்து 2 லட்ச ரூபாய் அளவுக்கு வந்து நிற்கிறது. பட்டறையில் வேலை செய்கிற வாலிபரும், கூரியர் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவரும் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? பழைய வண்டிதான் அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

அதிலும் புல்லட் என்றால் சென்னைக்காரர்களுக்குத் தனிப் பாசம். 1955-ம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி இங்கிலாந்து ராயல் என்பீல்டு கம்பெனியோடு கைகோர்த்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. பிற்பாடு இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. ஆனால் வடசென்னையில் புல்லட் நிற்கவில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டர், மிராசுதார், ஊர் டாக்டர் என்று பெரிய மனிதர்கள் ஏறிய வண்டி இது. தெருமுனையில் சத்தம் கேட்டாலே யார் வருகிறார் என்று சொல்லிவிடலாம்.

அந்த வண்டியை ஒருநாள் தானும் ஓட்டவேண்டும் என்று ஒரு வாலிபர் ஆசைப்பட்டால் அதில் என்ன தவறு? காசு சேர்த்து, நாலு இடம் அலைந்து, பேரம் பேசி, சாவியைக் கையில் வாங்குகிற நிமிடம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது.

ஆனால் சாவி கைக்கு வந்துவிட்டால் வண்டி சொந்தமாகிவிடாது. சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

'ஓப்பன்' கையெழுத்து

புரோக்கர்கள் சொல்கிற வசனம் ஊருக்கே மனப்பாடம்.

"புக்கு கையில இருக்கு தம்பி. பாரத்துல கையெழுத்து வாங்கியாச்சு. எப்ப வேணா பேர் மாத்திக்கலாம். இப்பவே மாத்துனா வண்டி ஒரு ஓனர் கூடிரும். நாளைக்கு விக்கறப்ப ரேட்டு போயிரும்!"

கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். 29-ம் எண் படிவமும் 30-ம் எண் படிவமும் இருக்கும். கீழே பழைய சொந்தக்காரரின் கையெழுத்து இருக்கும். வாங்குகிறவர் பெயர் எழுதவேண்டிய இடம் காலி. தேதியும் காலி. இதற்குப் பெயர்தான் 'ஓப்பன் டிரான்ஸ்பர்'.

இந்த இரண்டு காகிதமும் வண்டியோடு சேர்ந்தே கை மாறுகின்றன. முதல் ஆள் இரண்டாவது ஆளிடம் கொடுக்கிறார். அவர் ஆறு மாதம் ஓட்டிவிட்டு மூன்றாவது ஆளிடம் தள்ளிவிடுகிறார். வண்டி செங்கல்பட்டு போகும், திருவள்ளூர் போகும், ஓசூர் போகும். புத்தகத்தில் மட்டும் மயிலாப்பூர் ஆசாமியின் பெயர் அப்படியே இருக்கும்.

சட்டம் இதற்கு நேர் எதிர். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்கினவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்கவேண்டும். 'எப்ப வேணா' என்ற பேச்சு சட்டத்தில் எங்கேயும் இல்லை.

விற்றவர் கதி

ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்று வைத்துக்கொள்வோம். வயதாகிவிட்டது, புல்லட்டை ஸ்டாண்டு போட முடியவில்லை என்று புரோக்கரிடம் விற்கிறார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

மூன்று வருடம் கழித்து ஒரு நாள் காலையில் வாசலில் போலீசார் வந்து நிற்கிறார்கள். எங்கேயோ ஒரு பெண்மணியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். காமிராவில் வண்டி நம்பர் விழுந்துவிட்டது. நம்பர் யார் பெயரில் இருக்கிறது? வாத்தியார் பெயரில்.

"நான் அப்பவே வித்துட்டேன் சார்!"

"யாருக்கு வித்தீங்க?"

"புரோக்கருக்கு. அவர் பேரு ஞாபகம் இல்லை."

"ரசீது இருக்கா?"

இல்லை. பாவம், வாத்தியார் என்ன செய்வார்? குற்றம் செய்யவில்லை என்பதை அவர் நிரூபித்துவிடலாம். அதற்குள் தெருவே கூடிப் பார்த்துவிடும்.

அதாவது பரவாயில்லை. விபத்து நடந்தால் விஷயம் இன்னும் மோசம்.

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பு ஒன்றைப் பழைய வண்டி விற்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு கார் வழக்கு. ஆனால் சட்டம் மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான். காரின் முதல் சொந்தக்காரர் 2007-ம் ஆண்டே அதை விற்றுவிட்டார். கார் கை மாறி, கை மாறிப் போனது. புத்தகத்தில் பெயர் மாறவில்லை. 2009-ம் ஆண்டு அந்தக் கார் மோதி ஒரு உயிர் போய்விட்டது. காருக்கு இன்சூரன்சும் இல்லை.

நஷ்டஈடு யார் கொடுப்பது? "நான் எப்பவோ வித்துட்டேன்" என்றார் முதல் ஆள். ஐகோர்ட்டு அவரை விட்டது. சுப்ரீம் கோர்ட்டு விடவில்லை. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர், அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. உயிரைப் பறிகொடுத்த குடும்பம், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் அதற்குக் கோர்ட்டு சொன்ன காரணம்.

நியாயம்தானே? ஆளை இழந்த வீட்டில் போய், "ஆறாவது ஓனரைக் கண்டுபிடித்து வா" என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. 18 வயது ஆகாத பையன் வண்டியை எடுத்து ஓட்டிப் பிடிபட்டால், 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை ஜெயிலும் சந்திக்கவேண்டி வரும். வண்டியின் சொந்தக்காரர் யார் என்று பார்க்க எடுப்பது அந்தப் பதிவுப் புத்தகத்தைத்தான்.

வாங்கினவர் கதி

வாங்கினவர் மட்டும் தப்பிவிடுவாரா? அதுவும் கிடையாது.

ராத்திரி சோதனையில் வண்டியை நிறுத்துகிறார்கள். புத்தகத்தில் ஒரு பெயர், லைசென்சில் ஒரு பெயர். "யார் வண்டி இது?" என்ற கேள்விக்கு வாலிபர் திருதிருவென்று விழிக்கிறார். வண்டி ஸ்டேஷனுக்குப் போகிறது. பழைய சொந்தக்காரர் போன் எடுக்கவில்லை என்றால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

வண்டி திருட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்சு வேறு ஒருவர் பெயரில் இருக்கிறது. வண்டி கை மாறினதும் 14 நாளுக்குள் இன்சூரன்சுக் கம்பெனிக்கு மனுக் கொடுத்து பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு வண்டியோடு கூடவே வரும். தன் சொந்த வண்டி திருட்டுப் போனதற்கு, பாலிசி தன் பெயரில் இல்லாமல் கிளெய்ம் கேட்டால் கம்பெனி கையை விரித்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, வாங்கினதே திருட்டு வண்டியாக இருந்துவிடுவது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கினால் 3 வருடம் வரை ஜெயில். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 411-வது பிரிவு என்றார்கள். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-வது பிரிவு. நம்பர்தான் மாறியது, கம்பி மாறவில்லை.

"புக்கு அப்புறம் தரேன்", "ஊர்ல இருக்கு, அனுப்பறேன்" என்று சொல்லி, சந்தை விலைக்குப் பாதியில் வண்டியைத் தள்ளுகிற ஆசாமியைக் கண்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

புதுப்பேட்டையைப் பற்றி ஊரில் கேலியாகப் பேசுவார்கள். காலையில் முழுசாகப் போன வண்டி சாயங்காலம் சாமான் சாமானாகத் தொங்கும் என்பார்கள். அங்கே பரம்பரையாக நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு வயிற்றெரிச்சல். நாற்பது வருடத்துப் புல்லட்டுக்கு வேண்டிய ஒரு சின்னச் சாமானுக்கு அவர்களை விட்டால் வேறு நாதி ஏது? ரசீது கேட்டு வாங்குகிற பழக்கம் வந்தால் அவர்களுக்கும் நல்லது, வாங்குகிறவர்களுக்கும் நல்லது.

வண்டியைப் பார்க்கும் முறை

பணம் கொடுப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் செலவு பண்ணினால் போதும்.

முதலில் நம்பர். சேசிஸ் நம்பர் பெரும்பாலும் ஹேண்டில்பாருக்குக் கீழே வண்டியின் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும். என்ஜின் நம்பர் என்ஜின் உடம்பிலேயே இருக்கும். இரண்டையும் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்க்கவேண்டும். நம்பர் இருக்கிற இடத்தில் அரம் வைத்துத் தேய்த்த தடமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

அடுத்தது போன். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் பதிவு எதுவரை இருக்கிறது, இன்சூரன்சு எப்போது முடிகிறது என்று தெரிந்துவிடும். கட்டாத அபராதம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில், திருட்டு வண்டிகளின் பட்டியலில் இந்த வண்டி இருக்கிறதா என்று பொதுமக்களே பார்க்க வசதி இருக்கிறது.

புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் தீர்ந்தது என்ற கடிதமும் 35-ம் எண் படிவமும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட நீட்டக்கூடாது. 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்த சான்று வேண்டும். அது 5 வருடத்துக்குத்தான் செல்லும். இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 1000 ரூபாய் ஆனது. விலை பேசும்போது இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

புதுச்சேரி நம்பர், கர்நாடகா நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கும். அந்த மாநிலத்துத் தடையில்லாச் சான்று, இங்கே மறு பதிவு, இங்கே கட்டவேண்டிய வரி என்று கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போய்விடும்.

பிறகுதான் வண்டி. போனதும் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், ஆள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணிச் சரிக்கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின் எத்தனை உதையில் கிளம்புகிறது என்பதுதான் பரீட்சை. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. முன்பக்க போர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஸ்ப்ராக்கெட் பற்கள் ஊசி மாதிரி கூராகிவிட்டதா என்பதையும் பார்க்கவேண்டும். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்த டயர். மீட்டர் பத்தாயிரம் காட்டும், பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கும். இரண்டில் ரப்பரைத்தான் நம்பவேண்டும்.

பேரத்துக்கு ஒரு சங்கதி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலையே இறங்கினபோது, பழைய வண்டிக்காரர் பழைய விலையிலேயே நின்றால் விடக்கூடாது.

ஓட்டுகிற சுகம்

பழைய புல்லட்டை ஓட்டுவது ஒரு தனி வித்தை. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. மற்ற வண்டிகளில் பழகினவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார். முதல் இரண்டு நாள் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுவது உத்தமம்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கும் முறை இருக்கிறது. கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்க்கவேண்டும். டீ-கம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் கீழே இறக்கி, விட்டு, பிறகு ஒரே உதை. முறை தப்பினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். முறையாக உதைத்தால் நிதானமாக 'டப், டப்' என்று பேச ஆரம்பிக்கும். அவசரக்காரனுக்கு அடங்காத வண்டி, பொறுமைசாலிக்கு நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும்.

அந்தச் சத்தம் போதாது என்று சைலன்சரை மாற்றி, தெருவில் தூங்குகிற குழந்தையை எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சத்த வரம்பை மீறினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பழைய வண்டியோடு அந்தச் சைலன்சரும் வந்திருந்தால், முதல் வேலையாக ஒரிஜினலை மாட்டிக்கொள்வது நல்லது.

விடியற்காலையில் திருவொற்றியூர் பக்கம் கடலோரமாக, அறுபதுக்கு மேல் போகாமல், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கட்டும். எதிரே போலீசார் கையைக் காட்டினாலும் நெஞ்சு படபடக்கக் கூடாது. "புக்கு?" என்றதும் எடுத்து நீட்டுகிறவருக்குத்தான் அந்தச் சுகம் முழுசாகக் கிடைக்கும்.

அரசாங்கம் செய்யவேண்டியது

வாலிபர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பெயர் மாற்ற ஆசை இருந்தும் முடியாதவர்கள் ஏராளம்.

திருநெல்வேலியிலிருந்து வந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருக்கிறார் ஒரு வாலிபர். ஆதாரில் ஊர் முகவரி. மேன்ஷன்காரர் வாடகை ஒப்பந்தம் தரமாட்டார். அவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகிறது. புரோக்கருக்குத் தனியாக அழவேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவது இதனால்தான்.

வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரத்தில் ஒரு நாளாவது சாயங்காலம் பெயர் மாற்றத்துக்கு என்று தனி ஜன்னல் திறக்கலாம். மேன்ஷன், ஹாஸ்டல்வாசிகளுக்கு வேலை பார்க்கும் கம்பெனியின் கடிதத்தை ஏற்கலாம். இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் செலவு ஆகாது.

வியாபாரிகள் விஷயத்தில் சட்டம் ஏற்கெனவே தயார். 2022 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்குக் கொண்டுவந்தது. அதன்படி பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கவேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்த தகவல் ஆன்லைனில் பதிவாகவேண்டும். அதன் பிறகு வண்டி விற்கும் வரை வியாபாரியே சொந்தக்காரராகக் கருதப்படுவார். நடக்கிற எதற்கும் அவர்தான் பொறுப்பு. மேலே சொன்ன வாத்தியாருக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்?

விதி காகிதத்தில் இருந்தால் போதாது. ஒவ்வொரு கடை வாசலிலும் அங்கீகார நம்பர் தொங்கவேண்டும். நம்பர் இல்லாத இடத்தில் வண்டி விற்பது நிற்கவேண்டும்.

அதுவரை பொதுமக்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான். விற்கிறவர் காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. வாங்குகிறவர் பெயர், தேதி, நேரம் எழுதி ரசீது வாங்கி, 14 நாளுக்குள் தானே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட வேண்டும். வாங்குகிறவர், பெயர் மாறும் வரை விலையில் ஒரு பகுதியைக் கையில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வண்டி வாங்காமல் இருப்பதே மேல்.

பெயர் மாற்றச் செலவு சில நூறு ரூபாய். மாற்றாமல் விட்டால் வருகிற செலவுக்குக் கணக்கே கிடையாது.

சாயங்கால ஜன்னல் திறக்குமா? அங்கீகாரம் இல்லாத கடைகள் மீது நடவடிக்கை பாயுமா? போக்குவரத்துத் துறை அதிகாரிகள் கவனிப்பார்களா?